நாலு பிக்கோமீட்டர் வித்தியாசம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோ மொத்தமே மூன்றுதான். அதில் இரண்டில் இருப்பது கும்பகோணத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த சித்தி. மற்றவர்கள் எல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். போட்டோ பிடிக்க வந்தவர் "சிரிங்கம்மா, சிரிங்க" என்று கத்தினதெல்லாம் வீண்.

காரணம் பல். எங்களுக்குப் பென்னாகரம் பக்கம், தர்மபுரி மாவட்டம். ஆயா, அப்பா, அத்தை, நான் என்று எல்லார் பல்லிலும் காவி அடித்த மாதிரி பழுப்புக் கோடு. அத்தைக்குத்தான் அதிகம். அவளை நாலு முறை பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். "பொண்ணு வெத்தலை போடுமா?" என்று ஒரு பெரியம்மா கேட்டுவிட்டுப் போனது இன்றைக்கும் வீட்டில் பேசப்படும். அத்தை வெற்றிலையைத் தொட்டதே கிடையாது. ஐந்தாவதாக வந்த மாமாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, ஏனென்றால் அவரும் பாலக்கோடு. அவர் பல்லும் அதே கலர் :-)

நான் பெங்களூர் வந்தது 2003ல். 140 கிலோமீட்டர்தான். "இதெல்லாம் ஒரு வெளிநாடா, பஸ்ல தூங்கி எந்திரிச்சா ஊரு" என்று கலிஃபோர்னியாவில் இருக்கிற மச்சான் கிண்டல் செய்வான். தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவர்களிடம் என்ன சொல்வது? இங்கே வந்த முதல் வாரம் ஆபீஸ் கேன்டீனில் ஒருத்தர், "சிகரெட் அதிகமோ?" என்று என் பல்லைப் பார்த்துக் கேட்டார். ஊரில் யாரும் கேட்காத கேள்வி.

இதற்கெல்லாம் காரணம் ஃப்ளோரைடு என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். "தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு, அதனால பல்லு கறை." அவ்வளவுதான். அது ஏன் பல்லுக்குப் போகிறது, காலங்காலமாகக் கிலோ கணக்கில் தின்கிற உப்பில் இருக்கிற குளோரைடு ஏன் போவதில்லை என்று யாரும் சொன்னதில்லை. போன வருஷம் மகளுக்குப் பத்தாம் வகுப்பு வேதியியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே அது பிடிபட்டது. கொஞ்சம் வேதியியல் வரும், பயப்படாதீங்க. தங்கமணியிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். (பாதியில் குக்கர் விசில் வந்து எழுந்து போனார் என்பது வேறு விஷயம்.)

புத்தகத்தில் சோடியம், குளோரின் படம் போட்டிருந்தது. சோடியம் ஒரு எலெக்ட்ரானைத் தானம் செய்கிறது, குளோரின் கைநீட்டி வாங்கிக்கொள்கிறது, இரண்டும் சந்தோஷமாக வாழ்கின்றன. நாம் படித்ததும் இதேதான். எனக்கு இந்தத் தானப் படம் பிடிக்கவே பிடிக்காது. தனி சோடியம் அணுவிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் செலவு. அதைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பி வருவது 349தான். ஆக 147 கிலோஜூல் நஷ்டம். எந்த மார்வாடியும் ஒத்துக்கொள்ளாத வியாபாரம். அப்புறம் உப்பு எப்படி உண்டாகிறது?

பிணைப்பு என்பது தானம் அல்ல, தானத்துக்கு அப்புறம் நடப்பது. எலெக்ட்ரானைக் கொடுத்த சோடியம் நேர்மின் அயனி, வாங்கிய குளோரின் எதிர்மின் அயனி. இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. அதுவும் ஜோடியாக இல்லை. உப்புக் கல்லில் ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம். யாருக்கு யார் ஜோடி என்று கேட்டால் பதிலே கிடையாது. இப்படி அடுக்கி உட்காரும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளியே வருகிறது. 147 நஷ்டத்தைக் கட்டிவிட்டுப் பெரிய லாபம்.

இந்த இழுப்பு எவ்வளவு என்பதை இரண்டே விஷயம்தான் முடிவு செய்கின்றன. அயனியில் எத்தனை மின்சுமை, இரண்டும் எவ்வளவு நெருங்கி உட்கார முடியும். சுமை கூடினால் இழுப்பு கூடும். தூரம் பாதியானால் இழுவிசை நாலு மடங்கு. 1780களில் பிரான்சில் கூலும் கண்டுபிடித்த கணக்கு. நெருங்கி உட்கார முடியுமா என்பது அயனியின் உருவத்தைப் பொறுத்தது. ஆக உருவமும் சுமையும்தான் ஜாதகம்.

உருவம் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆக்சைடு, ஃப்ளோரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகள் ஐந்திலும் எலெக்ட்ரான் எண்ணிக்கை சரியாகப் பத்து. வீட்டில் ஆட்கள் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்து இழுக்கிற புரோட்டான் முறையே 8, 9, 11, 12, 13. தாத்தா கண்டிப்பானவராக இருந்தால் வீடே அடங்கி ஒடுங்கி இருக்குமே, அது மாதிரி. ஆரம் 140, 133, 102, 72, 54 பிக்கோமீட்டர் என்று சுருங்கிக்கொண்டே போகிறது. ஒரு பிக்கோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இதை எப்படி அளந்தார்கள் என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. தனி அயனியை யாரும் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. 1913ல் பிராக் அப்பாவும் மகனும் எக்ஸ் கதிரை உப்புப் படிகத்தில் பாய்ச்சி உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதில் தெரிவது இரண்டு அணுக்கருக்களுக்கு நடுவே உள்ள தூரம் மட்டும்தான். உப்பில் அது 282 பிக்கோமீட்டர். அதில் சோடியத்தின் பங்கு எவ்வளவு, குளோரைடின் பங்கு எவ்வளவு? நம்ம ஊர் பட்டா தகராறேதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருபதடி என்று தெரியும், வேலி எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. 1926ல் கோல்ட்ஷ்மிட், 1927ல் பாலிங் என்று ஆளுக்கொரு வேலி போட்டார்கள். இன்று பெரும்பாலும் எல்லாரும் எடுத்தாள்வது ஷானன் 1976ல் போட்ட பட்டியல். சோடியத்துக்கு 102, குளோரைடுக்கு 181. கூட்டினால் 283. பரவாயில்லை, சர்வேயர் நல்ல சர்வேயர்.

அந்தப் பட்டியலை நெட்டில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு எண்கள் அடுத்தடுத்து கண்ணில் பட்டன. ஃப்ளோரைடு 133. ஹைட்ராக்சைடு 137.

எங்கள் குடும்பக் கதை முழுக்க அந்த நாலு பிக்கோமீட்டருக்குள் இருக்கிறது.

பல்லும் எலும்பும் கால்சியம் என்று சொல்வார்கள். சரியாகச் சொன்னால் ஹைட்ராக்சிஅபடைட் என்கிற தாது. கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு மூன்றும் சேர்ந்த அயனிப் படிகம். அந்தப் படிகத்தில் கால்சியம் அயனிகள் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி, நடுவில் நீளமாக ஒரு குழாய் மாதிரி வழி இருக்கும். அந்த வழியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர் ஹைட்ராக்சைடு. அவருக்கு மின்சுமை மைனஸ் ஒன்று. ஃப்ளோரைடுக்கும் மைனஸ் ஒன்று. உருவமும் ஏறத்தாழ அதே. எழுந்து போனவர் துண்டு போட்ட சீட்டில் வேறொருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார், கண்டக்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சொல்லப்போனால் ஃப்ளோரைடு இன்னும் வசதியாக உட்காருகிறது. ஹைட்ராக்சைடுக்கு ஒரு ஹைட்ரஜன் துருத்திக்கொண்டிருப்பதால் முக்கோணத்தின் நட்ட நடுவில் உட்கார முடியாமல் கொஞ்சம் தள்ளி இருக்கும். ஃப்ளோரைடு உருண்டை. நடுவிலேயே உட்கார்ந்து மூன்று கால்சியத்தையும் சமமாக இழுக்கும். படிகம் ஒரு மயிரிழை சுருங்கி இறுகும். அமிலத்தில் கரைவது குறையும். டூத்பேஸ்டில் ஃப்ளோரைடு சேர்ப்பது இதற்குத்தான். குளோரைடுக்கு 181 பிக்கோமீட்டர். அந்த முக்கோணத்தின் நடுவில் அதற்கு இடம் போதாது. உப்பு தின்றதற்கு யாருக்கும் பல் காவியாகாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அப்படியென்றால் ஃப்ளோரைடு நல்லதுதானே, அத்தை பல் ஏன் அப்படி ஆச்சு? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கறை அந்த இடமாற்றத்தால் மட்டும் வருவதில்லை. ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும், தண்ணீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி இருந்தால் எனாமல் கட்டுகிற செல்களின் வேலை கெடுகிறது. எனாமலில் இருந்து வெளியேற வேண்டிய புரதம் சரியாக வெளியேறாது. பல் முளைத்து வரும்போதே எனாமல் நுண்துளையோடு, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டாக வரும். பிறகு சாயம் ஏறி அந்தத் துளைகள் பழுப்பாகும். பெரியவரான பின் அதே தண்ணீரைக் குடித்தால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எலும்பு வாழ்நாள் பூரா தன்னை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருப்பது. அதில் வருஷக்கணக்காக ஃப்ளோரைடு சேர்ந்துகொண்டே போகும். முதுகும் மூட்டும் இறுகும். ஆயா கடைசி ஐந்தாறு வருஷம் குனிந்து கோலம் போட முடியாமல் இருந்தார். வயசு என்று நினைத்தோம். வயசும்தான்.

இது எங்கள் ஊர் சாபம் ஒன்றும் இல்லை. இந்தியாவில் மனிதர்களுக்கு வரும் இந்த நோயை ஃப்ளோரோசிஸ் என்று முதலில் அடையாளம் காட்டியது 1937ல், அப்போதைய மெட்ராஸ் ராஜதானியின் நெல்லூர் மாவட்டத்தில். எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி. எங்கள் ஆயா பிறப்பதற்கு முன்பே காரணம் தெரிந்துவிட்டது, ஆயா போய்ச் சேரும் வரைக்கும் எங்கள் தெருவுக்கு வேறு தண்ணீர் வரவில்லை.

சரி, தண்ணீருக்குள் இது எங்கிருந்து வந்தது? பெங்களூர்வாசிகள் இதற்கு ஊருக்குப் போகவேண்டாம். லால்பாக் போங்கள். கெம்பேகௌடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறை மேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி பெங்களூர் உட்கார்ந்திருக்கும். அது தேசிய புவியியல் நினைவுச் சின்னம். தீபகற்ப நைஸ் என்று பெயர், வயது ஏறக்குறைய 300 கோடி வருஷம். குனிந்து பார்த்தால் வெள்ளைக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடும். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு பயோடைட் என்கிற அப்பிரகம். அதன் படிகத்திலும் ஹைட்ராக்சைடுக்கு ஒரு சீட் உண்டு. அதே சீட்டில் அங்கங்கே ஃப்ளோரைடு உட்கார்ந்திருக்கும். அதே 133, அதே 137.

ஆக ஃப்ளோரைடு பாறையில் ஹைட்ராக்சைடு இடத்தில் உட்கார்ந்தது. பாறை மக்கி, நிலத்தடி நீரின் ஹைட்ராக்சைடு வந்து தன் இடத்தைக் கேட்டபோது தண்ணீரில் இறங்கியது. போர்வெல் வழியாக மேலே வந்து, அத்தை பல்லில் மறுபடியும் ஹைட்ராக்சைடு இடத்தில் உட்கார்ந்தது. கோலார், சிக்கபல்லாபூர், பாவகடா, கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் இந்த மாதிரிப் பழைய கெட்டிப் பாறை மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஜூஜூவாடி செக்போஸ்டில் பாறை நின்று பர்மிட் காட்டுவதில்லை.

இப்போது எங்கள் அபார்ட்மென்ட் கதை. சர்ஜாபூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, பெங்களூரின் வெளிப்புற 110 கிராமங்களுக்குத் தண்ணீர் தரும் திட்டம் என்றார்கள். எங்களுக்கு இன்னும் இரண்டு போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான் கதி. 2024 மார்ச்சில் பட்ட பாட்டுக்குப் பிறகு போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தினார்கள். பாத்ரூம் குழாயெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போக, அசோசியேஷன் கூடி லட்சக்கணக்கில் ஒரு சாஃப்ட்னர் வாங்கியது. அடுத்த மீட்டிங்கில் ஒருவர் எழுந்து, "அதான் சாஃப்ட்னர் போட்டாச்சே, தண்ணி சுத்தம், வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. எதுக்கு? ஒரு லிட்டருக்கு ரெண்டு லிட்டர் வீணாப்போவுது" என்றார். கைதட்டல். கீழே அவர் கார் அன்றாடம் குளிப்பது எல்லாருக்கும் தெரியும், அது போகட்டும்.

எனக்குப் பகீர் என்றது. சாஃப்ட்னர் என்ன செய்கிறது? உள்ளே ரெசின் மணிகள். மணி மேல் எதிர்மின் சுமை, அதைப் பிடித்துக்கொண்டு சோடியம் அயனிகள். போர்வெல் தண்ணீர் உள்ளே போனதும் கால்சியம் வந்து உட்கார்ந்துகொள்ள, ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம் எழுந்து வெளியே போகிறது. ஏன் கால்சியத்துக்கு மரியாதை? உருவத்தைப் பாருங்கள். சோடியம் 102, கால்சியம் 100. அச்சு அசல் ஒரே அளவு. ஆனால் கால்சியத்தின் சுமை இரண்டு. அதே தூரத்தில் இரண்டு மடங்கு இழுப்பு. மணி நிரம்பியதும் மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்து ஊற்றினால், சோடியம் கூட்டமாக வந்து நெரித்து கால்சியத்தைக் கிளப்பிவிடும். வாட்ச்மேன் உப்பு மூட்டை தூக்குவது இதற்குத்தான்.

இதில் ஃப்ளோரைடு எங்கே வந்தது? வரவே இல்லை. அது எதிர்மின் அயனி. ரெசின் மணியும் எதிர்மின். கிட்டவே போகாது. உள்ளே போன ஃப்ளோரைடு அப்படியே வெளியே வரும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டினால் அளவு கூடத்தான் செய்யும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, நம் கிணறுகளில் இருக்கிற அளவுக்கு ருசியும் தெரியாது.

இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு, எனக்கு இதுதான் உறைத்தது. கால்சியமும் ஃப்ளோரைடும் சந்தித்தால் கால்சியம் ஃப்ளோரைடு. இரட்டைச் சுமை, சின்ன உருவம், இறுக்கமான படிகம். தண்ணீரால் அதை லேசில் பிரிக்க முடியாது. சோடியம் ஃப்ளோரைடு லிட்டருக்கு 40 கிராம் வாக்கில் கரையும், கால்சியம் ஃப்ளோரைடு 16 மில்லிகிராம்தான். (அதே கால்சியம் பெரிய உருவமான குளோரைடோடு சேர்ந்தால் தாராளமாகக் கரைகிறது. தண்ணீர் இழுப்பதும் படிகம் இழுப்பதும் கயிறு இழுக்கும் போட்டி. சுமையை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.) ஆகவே நிலத்தடி நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடு ஒரு அளவுக்கு மேல் ஏற முடியாது. கணக்குப் போட்டால், லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம் இருக்கிற நீரில் ஃப்ளோரைடு இரண்டரை மில்லிகிராம் வாக்கில் நின்றுவிடும். கால்சியம் 8 மில்லிகிராமாகக் குறைந்தால் ஃப்ளோரைடு எட்டு வரை போகலாம். பூமிக்கடியில் வெகுகாலம் கிடக்கிற தண்ணீரில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து குறைய, களிமண்ணில் இருந்து சோடியம் இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கும். பூமியே ஒரு சாஃப்ட்னர். அதனால் ஃப்ளோரைடு அதிகம் இருக்கிற தண்ணீர் பல இடங்களில் மென்மையான, நாக்குக்கு இதமான தண்ணீராக இருக்கும்.

இதையெல்லாம் மீட்டிங்கில் சொல்ல முடியுமா? மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நான் பல்லைக் காட்டினேன். நிஜமாகவே, "ஈ" என்று இளித்துக் காட்டினேன். "எட்டு வயசுக்குள்ள இந்தத் தண்ணி குடிச்ச பல்லு இது. நம்ம பில்டிங்ல எட்டு வயசுக்குள்ள எத்தனை குழந்தைங்க?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். பாவகடா பக்கத்துக்காரர், அதுவரை லிஃப்டில் தலையசைப்பதோடு சரி. "நம்ம ஊரு நீரூ ஹாகே சார்" என்று சொல்லிவிட்டு அவரும் இளித்துக் காட்டினார். என்னைவிட மோசம்! தண்ணீரை லேபுக்கு அனுப்புவது என்று அன்றே முடிவானது.

ரிசல்ட் ஒரு போர்வெல்லுக்கு 0.9, ஆழப்படுத்தியதற்கு 1.8 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ., மிச்சத்துக்கு சாஃப்ட்னர். ஆர்.ஓ. கழிவு நீர் கீழே தொட்டிக்கும் கழிவறை ஃப்ளஷுக்கும் போகிறது. கார் கழுவுவதை யாரும் நிறுத்தவில்லை.

பாவகடாக்காரரோடு இப்போது காலை நடை. 2008ல் நீங்கள் இங்கேதானே இருந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டார். இருந்தேன். அந்த வருஷம் பிப்ரவரியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர், ஜப்பான் கடனுதவி. பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்று இருந்தது. இங்கே அதை யாரும் படிக்கவில்லை. காவிரி என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மார்ச் கடைசியில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்களில் கலாட்டா, ஏப்ரல் தொடக்கத்தில் சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம், மறுநாள் கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று கருணாநிதி திட்டத்தைத் தள்ளிவைத்தார். நாங்கள் கொஞ்ச நாள் பஸ்ஸில் செல்போனில் தமிழ் பேசாமல் இருந்தோம். திட்டம் முடிந்து ஜெயலலிதா தொடங்கிவைத்தது 2013 மே மாதம். "நமக்கு அப்போ இது தெரிஞ்சிருந்தா..." என்று அவர் இழுத்தார். கன்னடத்தில்தான். தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. இளித்துக் காட்டியிருக்கலாம்.

எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த பிறகு பிறந்தவன் தம்பி மகன். பால்பல் விழுந்து முளைத்த முன்பல் இரண்டும் சுண்ணாம்புத் திட்டு இல்லாமல் முளைத்திருக்கின்றன. ஊரில் இப்போது பிரச்சினை அம்மாதான். குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகவில்லையாம், போர்வெல் தண்ணீரில்தான் மலருதாம். அம்மா சொல்வதில் தப்பில்லை. கால்சியத்துக்கு இரண்டு கை. பருப்பின் தோலுக்கடியில் இருக்கிற பெக்டினை இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டிவிடும், வேகாது. சோடியத்துக்கு ஒரு கை, கட்ட முடியாது. கால்சியம் குறைந்த தண்ணீரில் பருப்பு மலரும். ஃப்ளோரைடு ஏறுவதும் அந்தத் தண்ணீரில்தான். ரசம் ருசியாக இருக்கிறது என்று பேரனும் அந்தப் பருப்புதான் சாப்பிடுகிறான். அவனுக்கு இன்னும் எட்டு ஆகவில்லை.

போனில் விளக்கிப் பார்த்தேன். "அம்பது வருசமா அந்தத் தண்ணியிலதான் ஆக்குறேன், உங்கொப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றார். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், சிரிக்கிற சத்தம் கேட்டது. கீழே விழுந்த பேனாவை எடுக்க அவர் சுவரைப் பிடித்துக்கொள்வதை நான் போன பொங்கலுக்குப் பார்த்தேன்.

குக்கரில் பருப்புக்கு மட்டும் கொஞ்சம் சமையல் சோடா, குழாய்த் தண்ணீர் என்று ஒரு வழி தங்கமணி சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு சோடா வாசனை ஆகாது. வரும் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் கழுவிக் காயவைத்திருக்கிறேன், ஒன்று போர்வெல்லுக்கு, ஒன்று குழாய்க்கு. தர்மபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் லேப் இருக்கிறது. ரிசல்ட் பேப்பரை அடுப்புக்கு மேலே ஒட்டலாம் என்று இருக்கிறேன். அதற்குள் தம்பியிடம் சொல்லி, பையன் தட்டுக்கு மட்டும் தனியாக வேகவைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தம்பி பாடு அவ்வளவுதான்.